இடதுகை மடிப்பு

வேட்டியை அந்தப் பக்கம் ஒதுக்கிக்கொள்ளுங்கள். ஒழுகாது, ஆனாலும் ஒதுக்கிக்கொள்ளுங்கள். சாக்குக்குள் கிரீஸ் இருக்கிறது. கறுப்பு கிரீஸ். வெள்ளை வேட்டியில் ஒரு தடவை பட்டால் அப்புறம் அதை வண்டி துடைக்கத்தான் எடுக்க வேண்டும். பொள்ளாச்சி வரைக்கும் இந்த இடத்தில் ஓர் அம்மா உட்கார்ந்து வந்தார். ஆட்டுக்கால் எதுவோ கொண்டு போகிறேன் என்று நினைத்து மூக்கைப் பொத்திக்கொண்டே வந்தார். நானும் ஒன்றும் சொல்லவில்லை. சொல்லி என்ன ஆகப்போகிறது.

மேலே வைத்தால் பிரேக் போடும்போது யார் தலையிலாவது இறங்கும். கீழே வைக்க மனம் வரவில்லை. அதனால் மடியில்.

ஆக்ஸில் சார். காரில் எஞ்சின் சுற்றுவதைச் சக்கரம் வரை கொண்டு போகிற இரும்புத் தண்டு. நுனியில் ரப்பர் உறைக்குள் குண்டாக ஒன்று தெரிகிறதே, அதுதான் விஷயம். சி.வி. ஜாயின்ட் என்பார்கள். உங்கள் வீட்டுக் காரிலும் உண்டு. சக்கரம் குழியில் இறங்கும், மேட்டில் ஏறும். தண்டு சுற்றுவது மட்டும் நிற்கக் கூடாது. அதற்காக மணிக்கட்டு மாதிரி ஒரு மூட்டு. உள்ளே ஆறு இரும்புக் குண்டு, அவை ஓட ஆறு பள்ளத் தடம். குண்டுகளைச் சுற்றி முழுக்க கிரீஸ். கிரீஸ் இருக்கும்வரை சத்தம் வராது. போய்விட்டால் வளைவில் டக் டக்கென்று பேச ஆரம்பிக்கும். வீட்டுக் காரில் அந்த உறை கிழிகிறவரை யாரும் திறந்து பார்ப்பதில்லை. எங்களுடையது பந்தய வண்டி. வருஷா வருஷம் பிரித்து, மண்ணெண்ணெயில் கழுவி, புது கிரீஸ் அடைக்க வேண்டும்.

சிரிக்கிறீர்கள். இந்த வயதில் பந்தயமா என்று. நான் ஓட்டுகிறவன் இல்லை, கட்டினவன். கணபதியில் எனக்கு லேத் பட்டறை. தண்ணி மோட்டாருக்கு ஷாஃப்ட் கடைந்து கொடுப்பது தொழில். ஓட்டினது என் மச்சினன் குழந்தைவேலு, என் சம்சாரம் மரகதத்தின் தம்பி. உடுமலையில் தேங்காய் நார் மில் வைத்திருக்கிறான். இப்போது அங்கே போய்விட்டுத்தான் வருகிறேன்.

நாங்கள் இரண்டு பேரும் சேர்ந்து கட்டின வண்டி. காயலான் கடையில் கிடந்த ஒரு சின்னக் காரின் எஞ்சினை எடுத்து, இரண்டு சீட்டுக்குப் பின்னால் வைத்து, குழாயை வளைத்துச் சட்டம் கட்டி, மேலே ஃபைபர் ஒட்டினோம். சிவப்பு பெயின்ட். தரையோடு தரையாக இருக்கும். எங்கள் தெருவில் அதற்குச் செருப்பு என்று பெயர். "என்னங்க, செருப்பு எப்ப வெளிய போகுது?" என்றுதான் கேட்பார்கள். கேட்டுவிட்டுப் போகட்டும். கிளப் பந்தயத்தில் குழந்தைவேலு அதை ஓட்டி இரண்டு கோப்பை வாங்கியிருக்கிறான். என் வீட்டு அலமாரியில்தான் இருக்கின்றன. மரகதம் ஒன்றில் ஊசி நூல் போட்டு வைத்திருந்தாள்.

மழைக்காலம் முடிந்து, பந்தயம் தொடங்குவதற்கு முந்தின ஞாயிற்றுக்கிழமை அவன் வருவான். ஆளுக்கு ஒரு பக்கம். இடது ஆக்ஸில் அவனுக்கு, வலது எனக்கு. கட்டினபோதே வந்த வழக்கம். நேர் நேராக உட்கார்ந்து ஆளுக்கு ஒரு ஜாயின்ட்டைப் பிரித்துக் கழுவுவோம். மரகதத்துக்கு அன்றைக்கு ஆட்டுக்கறி எடுத்துக் குழம்பு வைக்கிற நாள்.

ஒரு நுணுக்கம் சொல்கிறேன், தூங்கிவிடாதீர்கள். இது புரிந்தால்தான் மீதி புரியும். வண்டி முன்னால்தானே ஓடுகிறது? அதனால் உள்ளே இருக்கிற குண்டுகள் தடத்தின் ஒரு சுவரை மட்டுமே அழுத்திக்கொண்டு ஓடும். அந்தச் சுவர் தேய்ந்து பளபளவென்று ஆகிவிடும். எதிர்ச்சுவர் புதுசாகவே இருக்கும். அப்போது என்ன செய்வோம் என்றால், இடதுபக்கத்து ஆக்ஸிலை வலதுபக்கம் மாட்டுவோம், வலதை இடதில். பக்கம் மாறினால் அழுத்துகிற சுவரும் மாறும். ஜாயின்ட்டுக்கு இன்னொரு ஆயுள். அதற்காகவே இரண்டு தண்டையும் ஒரே நீளத்தில் கடைந்து போட்டவன் நான். பார்த்தால் எது எந்தப் பக்கத்தது என்று தெரியாது.

பெயின்ட் பொட்டு வைக்கலாமே என்கிறீர்களா? மரகதமும் அதைத்தான் கேட்டாள். இரண்டு பேருக்குள் எதற்கு சார் அடையாளம்? நம்பிக்கை இல்லாதவர்கள் வைத்துக்கொள்கிற வேலை அது.

ஆனால் ஒன்று. குழந்தைவேலு நல்ல ஓட்டுக்காரன், கைவேலையில் அவசரக்காரன். கிரீஸை ஜாயின்ட்டுக்குள் கட்டைவிரலால் அழுத்தி அழுத்தி ஏற்ற வேண்டும். குண்டுகளுக்கு அடியில் போய், அந்தப் பக்கமாகப் பிதுங்கி வருகிற வரைக்கும் ஏற்ற வேண்டும். அவன் பேசிக்கொண்டே அடைப்பான். அதனால் அவன் ஊருக்குப் போனதும், மறுநாள் காலையில் அவன் பக்கத்தை நான் பிரித்து இன்னொரு தடவை அடைத்துவிடுவேன். வருஷா வருஷம். சில வருஷம் அவன் அடைத்தது சரியாகவே இருக்கும். இருந்தாலும் பிரித்தாகிவிட்டதே என்று கழுவி அடைப்பேன். அவனிடம் சொன்னதில்லை. சொன்னால் மனசு நோகும். மச்சினன் அல்லவா.

மரகதத்துக்கு இது தெரியும். ஒரு வருஷம் கேட்டாள். "அவனுக்குத் தெரிஞ்சா என்னங்க நினைப்பான்?" என்று. எனக்கும் சுருக்கென்றது. அந்த ரப்பர் உறையின் மேல் ஒரு இரும்புப் பட்டை கட்டியிருக்கும், கிளாம்ப். அதன் வாலை மடித்து அமுக்கி விட வேண்டும். குழந்தைவேலு இடதுகைக்காரன். அவன் மடித்தால் வால் ஒரு திசையில் போகும், நான் மடித்தால் எதிர்த்திசையில். நான் பிரித்து மூடினால் மடிப்பு திரும்பியிருக்கும். கண் உள்ளவன் பார்த்தால் தெரிந்துவிடும் அல்லவா? அதற்கடுத்த வருஷத்திலிருந்து கவனமாக இருக்க வேண்டும் என்று முடிவு செய்தேன்.

அந்த அடுத்த வருஷம்தான் வினை.

அந்த ஞாயிற்றுக்கிழமை, இந்தத் தடவை பக்கம் மாற்ற வேண்டும் என்று பேசிவிட்டுத்தான் ஆரம்பித்தோம். சில வருஷமாக மாற்றவில்லை, சுவர் நன்றாகத் தேய்ந்திருந்தது. அடைத்து முடித்தோம். நான் கை கழுவப் போனேன். உள்ளேயிருந்து மரகதம் குழம்பு ஆறுகிறது என்று கூப்பிட்டாள். அவன் அவசரத்தில் இரண்டு ஆக்ஸிலையும் மாட்டி போல்ட்டை முடுக்கிவிட்டு வந்துவிட்டான். எடுத்த பக்கத்திலேயே மாட்டிவிட்டான். இடது இடதில், வலது வலதில்.

மறுநாள் வழக்கம்போல அவன் பக்கத்தைப் பிரித்தேன். பார்த்ததும் தெரிந்துவிட்டது, தேய்ந்த சுவரே வேலை செய்கிற பக்கத்தில் இருக்கிறது. ஒன்றும் பேசாமல் இரண்டு ஆக்ஸிலையும் கழற்றிப் பக்கம் மாற்றி மாட்டினேன். கிரீஸும் சேர்த்து அடைத்தேன். இப்போது இடதுபக்கம் வந்துவிட்ட ஆக்ஸிலின் கிளாம்ப்பை மட்டும் அவன் மடிக்கிற மாதிரியே எதிர்த்திசையில் மடித்தேன், வலதுபக்கம் போனதில் என் மடிப்பு. லேசில் வரவில்லை. என் கைக்குப் பழகாத வேலை. குறடைத் திருப்பிப் பிடித்து, படுத்துக்கொண்டு மடித்தேன். அச்சு அசல் அவன் மடிப்பு.

அவனிடம் சொல்லியிருக்கலாமே என்று உங்கள் முகத்தில் தெரிகிறது. என்னவென்று சொல்வது? நீ தப்பாக மாட்டிவிட்டாய் என்றா? சரிசெய்தாகிவிட்டது, அப்புறம் எதற்குப் பேச்சு.

வண்டி டிராக்குக்குப் போய்விட்டது. எனக்குப் பட்டறையில் வேலை. பந்தயத்தன்று காலையில்தான் போனேன். அவன் முதலிலேயே போயிருந்தான். போனவன் என்ன செய்திருக்கிறான் தெரியுமா? வியாழக்கிழமை, டிராக் ஷெட்டில், தனியாக, என்னிடம் ஒரு வார்த்தை கேட்காமல், இரண்டு ஆக்ஸிலையும் கழற்றிப் பக்கம் மாற்றி மாட்டியிருக்கிறான். அவனுக்கும் ஞாபகம் வந்திருக்கிறது, ஞாயிற்றுக்கிழமை மாற்றாமல் மாட்டிவிட்டோமே என்று. நான் மாற்றியதை அவன் மறுபடி மாற்ற, பழைய இடத்துக்கே வந்துவிட்டது. தேய்ந்த சுவர் தேய்ந்த இடத்திலேயே.

என்னிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை சார். அதைத்தான் என்னால் ஜீரணிக்க முடியவில்லை. சேர்ந்து கட்டின வண்டியை ஒருத்தன் தனியாகக் கழற்றலாமா?

பாதிப் பந்தயத்தில் ஜாயின்ட் வெடித்தது. வண்டி நாலு சுற்றுச் சுற்றி டயர் சுவரில் போய் மோதியது. ஸ்டியரிங் எகிறி அவன் இடதுகையை அடித்துவிட்டது. மணிக்கட்டு நொறுங்கிவிட்டது. தகடு வைத்து முடுக்கியிருக்கிறார்கள். இரண்டு விரல்தான் மடங்கும். கண்ணாடி டம்ளரைக்கூட வலதுகையில்தான் பிடிக்கிறான்.

ஆஸ்பத்திரியில் அவனே சொன்னான். "நான்தான் மச்சான் மாத்தினேன். என்ற கைவேலை சரியில்லீங்க. போல்ட்ட ஒழுங்கா முடுக்கலையாட்ட இருக்குது" என்று. இனி வண்டியைத் தொடமாட்டேன் என்றான். நான் தலையைத் தடவிக்கொடுத்தேன். வேறு என்ன செய்ய. போல்ட் சரியாகத்தான் இருந்தது. நான் போய்ப் பார்த்தேன். அது அவனுக்கு இப்போது எதற்கு என்று விட்டுவிட்டேன்.

வீட்டுக்கு வந்து மரகதத்திடம் எல்லாவற்றையும் சொன்னேன். நான் திங்கட்கிழமை மாற்றியது, அவன் வியாழக்கிழமை மாற்றியது. ஒளித்து வைக்கிற பழக்கம் எனக்கில்லை. அவள் முழுக்கக் கேட்டாள். பிறகு, "நீங்க மாத்துனதை அவங்கிட்டச் சொன்னீங்களா?" என்றாள். அவன் கேட்கவில்லையே, கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன் என்றேன். உண்மைதானே? அவள் எழுந்து போய்விட்டாள். தம்பிக்கு ஒத்தாசையாக இருக்கிறேன் என்று உடுமலைக்குப் போனவள், அவன் கட்டுப் பிரித்து, மில்லுக்குப் போக ஆரம்பித்த பிறகும் திரும்பி வரவில்லை. வருஷத்துக்கு மேல் ஆகிறது. அக்கம்பக்கத்தில் கேட்டால் தம்பியின் தோப்பைப் பார்த்துக்கொள்கிறாள் என்று சொல்கிறேன். சமையல் நானேதான். ரசம் மட்டும் இன்னும் பிடிபடவில்லை.

அப்படியிருக்க, போன வாரம் குழந்தைவேலு போன் பண்ணினான். அவன் மகள் கவின்மலர் காலேஜ் முடித்துவிட்டாள். இந்த வருஷம் வண்டியை அவள் ஓட்டப்போகிறாளாம். அப்பனிடம் சண்டை போட்டுச் சம்மதம் வாங்கிவிட்டாள். "என்ற பக்கத்து ஆக்ஸிலை எடுத்துட்டு வாங்க மச்சான், வழக்கம்போல நானே அடைச்சுத் தர்றேன்" என்றான். எனக்குச் சந்தோஷம். வண்டியை நான் சரிபண்ணி வைத்துத்தான் இருந்தேன், இரண்டு ஜாயின்ட்டும் புதுசு போட்டு. அதுவும் நான் சொல்லவில்லை, அவன் கேட்கவில்லை. காலையில் முதல் பஸ்ஸில் தூக்கிக்கொண்டு போய்விட்டேன்.

மில் ஷெட்டில் உட்கார்ந்தோம். சுற்றிலும் நார்த் தூசி. ஒரு பழைய வேட்டியை விரித்து அதன் மேல் வைத்துப் பிரித்தான். வலதுகையால். பழகாத கை. குண்டு ஒன்று உருண்டு போய் மூட்டைக்கடியில் நின்றது. எடுத்துத் தரக் கை நீட்டினேன், வேண்டாம் என்றான். வெகுநேரம் ஆயிற்று. நான் பார்த்துக்கொண்டே இருந்தேன். பார்த்துக்கொண்டு சும்மா உட்கார்ந்திருப்பது எவ்வளவு கஷ்டம் தெரியுமா?

அடைத்துக்கொண்டே கேட்டான். "மச்சான், ஒண்ணு கேக்கட்டுங்களா? அந்த வருசம் என்ற பக்கத்தை நீங்க பிரிச்சீங்களா?"

கேட்டுவிட்டானே. கேட்டால் சொல்வேன் என்றேன் அல்லவா, சொன்னேன். பிரித்தேன், பக்கமும் மாற்றினேன் என்றேன்.

கட்டைவிரல் கிரீஸை விரித்திருந்த வேட்டியில் துடைத்தான். பிறகு, "வருசா வருசம் நீங்க பிரிக்கறது எனக்குத் தெரியுங்க" என்றான். "மடிப்புத் திரும்பியிருக்கும். மொதல்ல கோவமா இருந்துச்சு. அப்புறம் பழகிப்போச்சு. அந்த வருசம் டிராக்ல குனிஞ்சு பாத்தா மடிப்பு என்ற மடிப்பாட்டவே இருக்குது. அட, இந்தத் தடவை மச்சான் நம்ம வேலையை நம்பிட்டாருன்னு நினைச்சேன். சந்தோசமா இருந்துச்சுங்க. அப்பத்தான் ஞாபகம் வந்துச்சு, பக்கம் மாத்தாமப் போட்டமேன்னு. நீங்க தொடலைன்னா அது அப்படியேதான இருக்கும்? அதான் மாத்தினேன்."

நான் என்ன சொன்னேன் தெரியுமா? "அவ்வளவு சுத்தமா மூடியிருக்கேன் பாரு" என்றேன். சூழ்நிலை இறுக்கமாக இருக்கிறதே என்று சிரிப்புக்காகச் சொன்னது. அவன்கூட லேசாகச் சிரித்தான் என்று நினைக்கிறேன். மரகதம் காப்பி கொண்டுவந்து வாசலில் நின்றிருந்தாள். டம்ளர் இரண்டையும் தரையில் வைத்துவிட்டு உள்ளே போய்விட்டாள். என்ன கோபம் என்று எனக்கு இதுவரைக்கும் விளங்கவில்லை. அவனிடம் சொன்னீர்களா என்றுதானே அன்றைக்குக் கேட்டாள்? சொல்லிவிட்டேனே.

கிளம்பும்போது அவளே சாக்கைக் கொண்டுவந்து கொடுத்தாள். வாய்க்கயிறு கட்டி. இத்தனை மாசத்தில் என் முகத்தைப் பார்த்துப் பேசினது அப்போதுதான். "இதைப் பிரிக்காம அப்படியே மாட்டுங்க. மாட்டிட்டுப் போன் பண்ணுங்க. அன்னைக்கே கெளம்பி வந்தர்றேன்." அவ்வளவுதான். குழந்தைவேலு பஸ் ஸ்டாண்டு வரைக்கும் வந்தான். பஸ் எடுக்கும்போது, "சரியாத்தான அடைச்சிருக்கேன், மச்சான்?" என்றான். பிரமாதம் என்றேன்.

இல்லை சார். சரியாக அடைக்கவில்லை.

நான் பார்த்துக்கொண்டுதானே இருந்தேன். வலதுகைக் கட்டைவிரலில் அவனுக்கு அழுத்தமே இல்லை. மேலே மேலே தடவியிருக்கிறான். அந்தப் பக்கமாகப் பிதுங்கி வரவேயில்லை. குண்டுகளுக்கு அடியில் கிரீஸ் போயிருக்காது. இதோ, இந்த உறையை அமுக்கிப் பாருங்கள். பயப்படாதீர்கள், அமுக்குங்கள். காற்று மாதிரி இல்லை? நிறைந்திருந்தால் கல் மாதிரி இருக்கும். இப்படியே மாட்டி, அந்தப் பெண் ஏறி ஓட்டி, நாலாவது வளைவில் சூடேறி… வேண்டாம். அவன் கையைத் தினமும் பார்த்துக்கொண்டு இருக்கிறவர்கள் மரகதமும் அந்தப் பெண்ணும். எனக்கென்ன, வருஷத்துக்கு ஒரு தடவை பார்க்கிறவன். ஆனாலும் எனக்கு அது போதும்.

போன் போட்டுச் சொல்லலாம்தான். நீங்கள் சொல்வது நியாயம்தான். குழந்தைவேலு, கிரீஸ் பத்தவில்லை, ஞாயிற்றுக்கிழமை வா, சேர்ந்து அடைப்போம் என்று சொல்லலாம். இத்தனை வருஷத்தில் அவனிடம் அப்படி ஒரு தடவைகூடச் சொன்னதில்லை. கை நன்றாக இருந்தபோதே சொன்னதில்லை. இப்போது, ஒற்றைக் கையால் அரைநாள் உட்கார்ந்து அடைத்துக் கொடுத்தவனிடம் எப்படிச் சொல்வது? தாங்கமாட்டான். அவனைப் பற்றி உங்களுக்குத் தெரியாது, எனக்குத் தெரியும்.

கிணத்துக்கடவு வந்துவிட்டதா? நீங்கள் இங்கேதானே இறங்க வேண்டும்? நேரமிருக்கிறது, முன்னால் இறங்குகிறவர்கள் இறங்கட்டும்.

எனக்கும் அலுத்துவிட்டது சார். அடுத்தவன் அடைத்ததைப் பிரித்துப் பிரித்து அடைத்து. யாராவது ஒருத்தன் சரியாக அடைத்துக் கொடுத்தால் கும்பிட்டு வாங்கி மாட்டிவிடுவேன். உக்கடத்தில் இறங்கினதும் நேராகப் பட்டறைக்குத்தான். ஒரே ஒரு தடவை திறப்பேன். அடைப்பேன். அதோடு சரி. அப்புறம் மரகதத்துக்குப் போன் பண்ணி, மாட்டிவிட்டேன், வா என்பேன். பொய் இல்லையே, மாட்டியிருப்பேனே.

மடிப்பைப் பற்றியும் இப்போது கவலையில்லை. இங்கே பாருங்கள், கிளாம்ப்பின் வாலை. வலதுகையால் மடித்திருக்கிறான் அல்லவா, என் மடிப்பு மாதிரியே விழுந்திருக்கிறது. இனிமேல் நான் பிரித்தாலும் பிரிக்காவிட்டாலும், அவன் குனிந்து பார்த்தால் ஒன்றுதான்.